விமானப் பட்டறை தொடங்கிய வால்சந்த்

1. இதை யார் செய்தார்கள்?



தலைக்கு மேலே விமானம் பறக்கிறது. வயலில் வேலை செய்பவரும் நிமிர்ந்து பார்க்கிறார். குழந்தைகள் கை காட்டுகிறார்கள். "இதில் யார் போகிறார்கள்?" என்று கேட்கிறோம். "இதை யார் செய்தார்கள்?" என்று கேட்பது குறைவு.

அந்தக் கேள்வியைத்தான் இந்தப் பாடத்தில் கேட்கப் போகிறோம்.

1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள். ஜே.ஆர்.டி. டாட்டா என்ற இளைஞர் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஒரு சிறிய விமானத்தை ஓட்டி வந்தார். அதில் பயணிகள் இல்லை. தபால் மூட்டைதான் இருந்தது. பம்பாயிலிருந்து இன்னொரு விமானி அந்தத் தபாலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு வந்தார். இந்தியர்கள் நடத்திய விமானப் போக்குவரத்து இப்படித் தொடங்கியது.

ஓட்டியவர் இந்தியர். கம்பெனி இந்தியக் கம்பெனி. ஆனால் அந்த விமானம் இங்கிலாந்தில் செய்தது. ஒரு பாகம் உடைந்தால் அதுவும் கப்பலில் வரவேண்டும். அப்போது இந்தியாவில் விமானம் செய்யும் தொழிற்சாலை ஒன்றுகூட இல்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து ஒருவர் அந்தத் தொழிற்சாலையைத் தொடங்கினார். அவர் விமானி இல்லை. பொறியியல் படித்தவரும் இல்லை. அவர் பெயர் வால்சந்த் ஹீராசந்த்.

2. சோலாப்பூர்ப் பையன்

மராட்டிய மாநிலத்தில் சோலாப்பூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. நெசவுக்குப் பேர் போன ஊர். அங்கே 1882-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் வால்சந்த் பிறந்தார். அவர் குடும்பம் குஜராத்திலிருந்து வந்து குடியேறிய சமணக் குடும்பம். தந்தை ஹீராசந்த் பருத்தி வியாபாரம் செய்தார். வட்டிக்குப் பணம் கொடுத்து வாங்கும் தொழிலும் இருந்தது. வால்சந்த் பிறந்த கொஞ்ச நாளிலேயே தாய் இறந்துவிட்டார்.

வால்சந்த் பம்பாயிலும் பூனாவிலும் கல்லூரியில் படித்தார். ஆனால் படிப்பை முடிக்கவில்லை. குடும்பத் தொழிலுக்குத் திரும்பினார். அதில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. கடையில் உட்கார்ந்து வட்டிக் கணக்குப் பார்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. எதையாவது கட்டவேண்டும், உருவாக்கவேண்டும் என்று ஆசைப்பட்டார்.

அப்போது பாட்டக் என்பவர் அவருக்குப் பழக்கமானார். இவர் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். பிறகு காண்டிராக்ட் வேலை எடுத்தவர். பாட்டக்குக்கு வேலை தெரியும். கையில் பணம் இல்லை. வால்சந்திடம் பணம் இருந்தது. வேலை தெரியாது. இருவரும் கூட்டுச் சேர்ந்தார்கள். பார்சி என்ற ஊர்ப் பக்கம் சிறிய ரயில் பாதை போடும் வேலையை எடுத்தார்கள்.

அங்கே வால்சந்த் மண் வெட்டுவது முதல் தண்டவாளம் போடுவது வரை நேரில் பார்த்துப் பழகினார். பிறகு பெரிய வேலைகள் வந்தன. பம்பாய்க்கும் பூனாவுக்கும் நடுவே போர் காட் என்ற மலை இருக்கிறது. அந்த மலையைக் குடைந்து ரயில் சுரங்கங்கள் அமைக்கும் வேலையையும் அவர் செய்து முடித்தார். 1926-ஆம் ஆண்டு கட்டுமானக் கம்பெனி ஒன்றையும் தொடங்கினார்.

3. கடலில் ஒரு போட்டி

முதல் உலகப் போர் 1918-ஆம் ஆண்டு முடிந்தது. அடுத்த ஆண்டு வால்சந்தின் காதில் ஒரு செய்தி விழுந்தது. ஒரு கப்பல் விலைக்கு வருகிறது என்பதே செய்தி. அது குவாலியர் மகாராஜா சிந்தியாவின் கப்பல். போர்க்காலத்தில் காயம்பட்டவர்களை ஏற்றிய ஆஸ்பத்திரிக் கப்பல். அதன் பெயர் லாயல்டி.

வால்சந்த் நரோத்தம் மொரார்ஜி முதலிய நண்பர்களுடன் சேர்ந்து அதை வாங்கினார். "சிந்தியா" என்ற பெயரிலேயே கப்பல் கம்பெனி தொடங்கினார்கள். 1919-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் அந்தக் கப்பல் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. இன்றும் ஏப்ரல் 5 இந்தியாவில் தேசியக் கடல்வழி வாணிப நாளாகக் கொண்டாடப்படுகிறது.

அந்தக் காலத்தில் இந்தியக் கடலில் வெள்ளைக்காரக் கம்பெனிகளின் கப்பல்களே ஓடின. அவற்றில் பெரியது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. இந்தப் பெயர் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் 1906-ஆம் ஆண்டு சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார் அல்லவா? அவரை எதிர்த்து நின்றதும் இதே கம்பெனிதான். வ.உ.சி. சிறைக்குப் போனார். அவருடைய கம்பெனி நொடித்துப் போனது.

வால்சந்தின் கம்பெனிக்கும் அதே சோதனை வந்தது. பிரிட்டிஷ் கம்பெனி சரக்குக் கூலியைக் குறைத்தது. நட்டம் வந்தாலும் அது தாங்கும். புதிய கம்பெனி தாங்குமா? ஆனாலும் சிந்தியா கம்பெனி விழவில்லை. 1923-ஆம் ஆண்டு இரண்டு கம்பெனிகளுக்கும் உடன்பாடு ஏற்பட்டது. சிந்தியா கப்பல்கள் இந்தியக் கரையோரத்தில் சரக்கு ஏற்றலாம். அதைத் தாண்டக் கூடாது. இது பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் தொழில் உயிரோடு இருந்தது.

இந்தப் போட்டியில் வால்சந்த் ஒரு பாடம் கற்றார். கப்பலை வாங்கி ஓட்டுவது மட்டும் போதாது. கப்பலைக் கட்டவும் தெரியவேண்டும். விற்பவன் கையை எதிர்பார்த்து நின்றால், அவன் கொடுக்காத நாளில் தொழிலும் நின்றுவிடும்.

4. விமானத்தில் ஒரு பேச்சு

1939-ஆம் ஆண்டு வால்சந்த் அமெரிக்கா போனார். அவர் போனது விமானத்துக்காக இல்லை. மோட்டார் கார் செய்யும் தொழிற்சாலையை இந்தியாவில் தொடங்க அவர் விரும்பினார். அங்குள்ள கார்க் கம்பெனிகளோடு பேசினார்.

திரும்பும்போது பசிபிக் கடலைத் தாண்டி வரும் பெரிய விமானத்தில் ஏறினார். அதே விமானத்தில் வில்லியம் பாலி என்ற அமெரிக்கர் வந்தார். பாலி விமானத் தொழிலில் இருந்தவர். சீனாவில் விமானம் பூட்டும் தொழிற்சாலையை நடத்தியவர். இருவருக்கும் பேச்சு வளர்ந்தது. சீனாவில் முடிகிற வேலை இந்தியாவில் ஏன் முடியாது என்று வால்சந்த் யோசித்தார். இயந்திரங்களையும் வேலை தெரிந்த ஆட்களையும் பாலி கொண்டு வரவேண்டும். பணத்தையும் அனுமதியையும் வால்சந்த் பார்த்துக்கொள்ளவேண்டும். இதுதான் திட்டம்.

பணம் கிடைத்தாலும் அனுமதி சுலபமாகக் கிடைக்கவில்லை.

அப்போது இந்தியா அடிமை நாடு. ஆட்சி வெள்ளைக்காரர் கையில் இருந்தது. பெரிய தொழிற்சாலைக்கு அவர்கள் சம்மதம் வேண்டும். இந்தியர்கள் விமானம் செய்வதை அவர்கள் முதலில் விரும்பவில்லை. அமெரிக்காவில் கிடைக்கும் இயந்திரங்கள் தங்கள் நாட்டுக்கே வேண்டும் என்று நினைத்தார்கள். வால்சந்தின் திட்டம் கிடப்பில் கிடந்தது.

இதற்குள் ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்தது. 1940-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜெர்மனியிடம் பிரான்சு நாடு வீழ்ந்தது. இங்கிலாந்து தனித்து நின்றது. இனி இந்தியாவுக்கு அங்கிருந்து விமானம் வருவது கடினம் ஆயிற்று. அப்போதுதான் அரசு இறங்கி வந்தது. அனுமதி கிடைத்தது.

இதைக் கவனியுங்கள். நாம் கேட்டபோது அவர்கள் கொடுக்கவில்லை. அவர்களுக்குத் தேவை வந்தபோது கொடுத்தார்கள். ஆனால் அந்த நாள் வரும்போது வால்சந்த் கையில் திட்டத்தோடு தயாராக இருந்தார்.

5. இடம் கொடுத்த மைசூர்

தொழிற்சாலையை எங்கே வைப்பது? அப்போது மைசூர் தனி சமஸ்தானம். மகாராஜா ஆட்சி நடந்தது. திவானாக இருந்தவர் மிர்சா இஸ்மாயில். திவான் என்றால் இன்றைய முதலமைச்சர் போல. அவர் வால்சந்தைப் பெங்களூருக்கு அழைத்தார்.

பெங்களூரில் பல வசதிகள் இருந்தன. சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரம் வந்தது. கடலிலிருந்து தூரமான இடம் என்பதால் எதிரியின் கப்பல் நெருங்க முடியாது. வெயில் கொடுமை குறைவு. விஞ்ஞானம் படித்தவர்களுக்கும் குறைவில்லை. டாட்டா குடும்பத்தின் உதவியோடு அமைந்த இந்திய விஞ்ஞானக் கழகம் அங்கேதான் இருக்கிறது.

மைசூர் அரசு சுமார் 700 ஏக்கர் நிலம் கொடுத்தது. தானும் பணம் போட்டுப் பங்குதாரர் ஆயிற்று. 1940-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் கம்பெனி பதிவானது. அதன் பெயர் ஹிந்துஸ்தான் ஏர்கிராப்ட் கம்பெனி. அப்போது வால்சந்துக்கு வயது 58.

பதிவுப் பத்திரத்தில் முதல் 4 கோடி ரூபாய் என்று எழுதினார்கள். ஆனால் பங்குதாரர்கள் உண்மையில் கட்டிய பணம் 40 லட்சம் ரூபாய். இந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? 4 கோடி என்பது அதிகமாகப் போனால் எவ்வளவு பணம் திரட்டலாம் என்ற எல்லை. 40 லட்சம் என்பது கைக்கு வந்த பணம். எந்தக் கம்பெனியின் விளம்பரத்தைப் பார்த்தாலும் இந்த இரண்டு கணக்கையும் பிரித்துப் பாருங்கள். பத்திரத்தில் எழுதிய தொகை வேறு. பெட்டியில் உள்ள தொகை வேறு.

6. எட்டு மாத வேலை

விமானம் செய்வது என்ன வேலை?

விமானத்தின் உடல் கனமாக இருந்தால் மேலே ஏறாது. மெல்லியதாக இருந்தால் காற்றில் நொறுங்கிவிடும். எடையும் குறையவேண்டும், உறுதியும் வேண்டும். அதனால் அலுமினியத்தோடு வேறு உலோகங்கள் கலந்த தகட்டைப் பயன்படுத்தினார்கள். தகட்டை அளவாக வெட்டவேண்டும். வளைக்கவேண்டும். துளை போட்டு ரிவிட் அடித்து இணைக்கவேண்டும். துளை ஒரு மயிரிழை விலகினாலும் தகடு சரியாகப் பொருந்தாது.

பட்டறையில் வேலை செய்தவர்களுக்கு இது புரியும். லேத் ஓட்டுபவர், பிட்டர், வெல்டர், தச்சர், பெயிண்டர் எல்லோரும் அங்கே வேண்டும். அவர்களுக்குத் தெரிந்த வேலைதான். ஆனால் அளவுகள் மிக நுட்பமானவை.

இன்னொரு பழக்கமும் புதிது. விமான வேலையில் ஒவ்வொன்றையும் எழுதி வைக்கவேண்டும். எந்தப் பாகத்தை யார் பூட்டினார், யார் சரிபார்த்தார், எந்தத் தேதியில் என்று ஏட்டில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். எழுதாத வேலை செய்யாத வேலைக்குச் சமம். ஒரு விமானம் பழுதானால் அந்த ஏட்டைப் பார்த்துத்தான் காரணத்தைத் தேடுவார்கள். அதனால் விமானத் தொழிலாளிக்குக் கைத்திறனோடு எழுத்தும் எண்ணும் மிகவும் தேவை.

பாலி அமெரிக்காவிலிருந்து இயந்திரங்களை வரவழைத்தார். கட்டடம் எழும்பியது. அமெரிக்கர்கள் வேலை சொல்லிக் கொடுத்தார்கள். நம்மவர்கள் கற்றார்கள். 1941-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் விமானம் பறந்தது. அது ஹார்லோ என்ற பயிற்சி விமானம். வடிவமைப்பு அமெரிக்காவினுடையது. பூட்டி முடித்தது பெங்களூரில்.

கம்பெனி பதிவாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் விமானம் பறந்துவிட்டது.

7. கைமாறிய தொழிற்சாலை

வால்சந்தின் மகிழ்ச்சி நீடிக்கவில்லை.

1941-ஆம் ஆண்டிலேயே இந்திய அரசு கம்பெனியில் மூன்றில் ஒரு பங்கை வாங்கியது. அதாவது, கம்பெனி மூன்று ரூபாய் என்றால் அதில் ஒரு ரூபாய் அரசினுடையது. அந்த அரசு வெள்ளைக்காரர் நடத்திய அரசு என்பதை மறக்கவேண்டாம்.

1941 டிசம்பரில் ஜப்பானும் போரில் இறங்கியது. மலேயா வீழ்ந்தது. சிங்கப்பூர் வீழ்ந்தது. 1942 மார்ச்சில் ரங்கூனும் வீழ்ந்தது. போர் நம் வாசலுக்கு வந்துவிட்டது. விமானத் தொழிற்சாலை முழுவதும் தன் கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும் என்று அரசு முடிவு செய்தது. 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் அறிவிப்பு வந்தது. வால்சந்தின் பங்குகளையும் அவருடைய கூட்டாளிகளின் பங்குகளையும் அரசு விலைக்கு வாங்கிக்கொண்டது. மைசூர் அரசு மட்டும் தன் பங்கை விற்க மறுத்தது. ஆனால் நிர்வாகத்தை விட்டுக்கொடுத்தது.

தொடங்கியவர் 15 மாதங்களில் வெளியே போனார்.

நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 6-ஆம் நாள், விசாகப்பட்டினத்தின் மேல் ஜப்பான் குண்டு போட்டது. அங்கேதான் வால்சந்தின் சிந்தியா கம்பெனி கப்பல் கட்டும் தளம் அமைத்துக்கொண்டிருந்தது. 1941 ஜூன் 21-ஆம் நாள் ராஜேந்திர பிரசாத் அதற்கு அடிக்கல் நாட்டியிருந்தார். ஒரே வாரத்தில் ஒரு தொழில் கையை விட்டுப் போயிற்று. இன்னொரு தொழில் இருந்த ஊரில் குண்டு விழுந்தது.

அரசு செய்தது சரியா? இதைப் பற்றி இரண்டு விதமாகப் பேசலாம். போர்க்காலத்தில் ஆயுதத் தொழிற்சாலையைத் தனியார் கையில் விடக்கூடாது என்று சிலர் சொல்வார்கள். முதல் போட்டு, அலைந்து, அனுமதி வாங்கி, வேலையைத் தொடங்கியவரை ஓரம்கட்டுவது நியாயமா என்று வேறு சிலர் கேட்பார்கள். வால்சந்த் லாபம் தேடும் முதலாளியும்தான். நாட்டுப்பற்று உள்ளவரும்தான். இரண்டும் அவரிடம் இருந்தன. நீங்களும் இதைப் பற்றிப் பேசிப் பாருங்கள்.

8. பழுது பார்த்துக் கற்றது

1943-ஆம் ஆண்டு தொழிற்சாலை இன்னொரு தடவை கை மாறியது. இந்தமுறை அமெரிக்க ராணுவத்தின் விமானப் படை அதை நடத்தியது. புதிய விமானம் செய்யும் வேலை நின்றது. பர்மாவிலும் இந்தியாவிலும் போரிட்ட விமானங்களைப் பழுது பார்க்கும் வேலை வந்தது.

விமானங்கள் வரிசையாக வந்து இறங்கின. எஞ்சினைக் கழற்றுவது, கழுவுவது, தேய்ந்த பாகத்தை மாற்றுவது, மறுபடி பூட்டுவது, ஓட்டிப் பார்ப்பது என்று வேலை நடந்தது. இதை ஓவர்ஹாலிங் என்பார்கள். ஒரே வகை விமானம் இல்லை. பல வகைகள். ஒவ்வொன்றுக்கும் வேறு எஞ்சின், வேறு அளவு. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் இதில் கை தேர்ந்தார்கள்.

1945-ஆம் ஆண்டு போர் முடிந்தது. அமெரிக்கர்கள் போனார்கள். தொழிற்சாலை இந்திய அரசிடம் திரும்பியது. இப்போது விமான வேலை குறைந்துவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா? ரயில் பெட்டிகள் செய்தார்கள். பேருந்துக் கூண்டுகள் கட்டினார்கள்.

1947-இல் நாடு விடுதலை அடைந்தது. அப்போது ஒரு வேலை வந்தது. கான்பூரில் பழைய குண்டுவீச்சு விமானங்கள் பல கிடந்தன. நான்கு எஞ்சின் கொண்ட பெரிய விமானங்கள். அவற்றின் பெயர் லிபரேட்டர். போர் முடிந்து போகும்போது, யாரும் பயன்படுத்தக் கூடாது என்று அவற்றைச் சேதப்படுத்திவிட்டுப் போயிருந்தார்கள். வெளிநாட்டார் அவற்றைக் குப்பை என்று ஒதுக்கினார்கள்.

பெங்களூர்த் தொழிலாளர்கள் கான்பூர் போனார்கள். ஒன்றில் கெட்டதை இன்னொன்றில் நல்லதாக இருந்ததைக் கொண்டு சரிசெய்தார்கள். ஒரு தடவை பறக்கிற அளவுக்குப் பழுது பார்த்தார்கள். முன்ஷி என்ற விமானி அவற்றை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். அங்கே முழுமையாகப் பழுது பார்த்தார்கள். 1948-ஆம் ஆண்டு முதல் விமானம் இந்திய விமானப் படையிடம் சேர்ந்தது. குப்பை என்று விட்டுப்போன அந்த விமானங்கள் 1968 வரை நம் நாட்டில் பறந்தன.

யோசித்துப் பாருங்கள். ஐந்து ஆண்டுகளில் தொழிற்சாலை எத்தனை கை மாறியது! முதலில் வால்சந்தும் மைசூர் அரசும். பிறகு இந்திய அரசு. பிறகு அமெரிக்கப் படை. மறுபடி இந்திய அரசு. முதலாளி மாறினார். பெயர்ப் பலகைக்குப் பின்னால் இருந்த அதிகாரி மாறினார். ஆனால் தொழிலாளி கற்ற வேலை அவர் கையிலேயே இருந்தது. அதை யாரும் விலைக்கு வாங்கிக்கொண்டு போக முடியவில்லை.

9. நம் சொந்த விமானம்

பிறர் வடிவமைத்த விமானத்தைப் பூட்டுவது ஒரு படி. நாமே வடிவமைப்பது அடுத்த படி. அந்தப் படியை ஏற்றியவர் டாக்டர் காட்டகே என்ற விஞ்ஞானி. அவர் தலைமையில் எச்.டி.-2 என்ற பயிற்சி விமானத்தை வடிவமைத்தார்கள். 1951-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அது முதல்முறையாகப் பறந்தது. பல ஆண்டுகள் புதிய விமானிகள் அதில்தான் பயிற்சி பெற்றார்கள்.

அதே 1951-இல் தொழிற்சாலை பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வந்தது. 1961 ஜூன் 17-ஆம் நாள் மாருத் என்ற ஜெட் போர் விமானம் பறந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த குர்ட் டாங்க் என்ற வடிவமைப்பாளர் நம்மவர்களோடு சேர்ந்து அதை உருவாக்கினார். 1971-ஆம் ஆண்டுப் போரில் அது பயன்பட்டது.

1964 அக்டோபர் 1-ஆம் நாள் இந்தக் கம்பெனியும் இன்னொரு அரசு விமானக் கம்பெனியும் ஒன்றாயின. புதிய பெயர் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ். சுருக்கமாக எச்.ஏ.எல். என்பார்கள். 2001-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் தேஜஸ் என்ற இலகு ரகப் போர் விமானம் முதல்முறையாகப் பறந்தது. அது மேலே எழும்பியதும் எச்.ஏ.எல். விமான நிலையத்தில்தான். 1940-இல் வால்சந்த் தொடங்கிய அதே இடம்.

இன்றும் நாம் வெளிநாட்டிலிருந்து வாங்கும் பொருள்கள் உண்டு. தேஜஸ் விமானத்தின் எஞ்சின் அமெரிக்காவில் செய்தது. முழுவதும் சொந்தமாகச் செய்வது இன்னும் முடியவில்லை. வேலை பாக்கி இருக்கிறது.

10. வால்சந்தின் கடைசிக் காலம்

விமானம் கையை விட்டுப் போனதும் வால்சந்த் ஓய்ந்து உட்காரவில்லை. 1944-இல் பிரீமியர் என்ற மோட்டார் கார்க் கம்பெனியைத் தொடங்கினார். 1947-இல் அங்கிருந்து கார்கள் வரத் தொடங்கின. அமெரிக்காவுக்குப் போன காரியம் இப்படி நிறைவேறியது.

விசாகப்பட்டினத் தளமும் போரைத் தாண்டி நிமிர்ந்தது. 1948 மார்ச் 14-ஆம் நாள் அங்கே கட்டிய ஜல உஷா என்ற கப்பலைப் பிரதமர் நேரு கடலில் இறக்கி வைத்தார். 1952-இல் அந்தத் தளமும் பெரும்பாலும் அரசு கைக்குப் போயிற்று.

1949-ஆம் ஆண்டு வால்சந்துக்குப் பக்கவாதம் வந்தது. அடுத்த ஆண்டு தொழில்களிலிருந்து விலகினார். 1953-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் குஜராத்தில் சித்பூர் என்ற ஊரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 70. மராட்டியத்தில் சாங்லி என்ற ஊரில் உள்ள பொறியியல் கல்லூரிக்கு அவர் பெயர் இருக்கிறது. 2004-இல் இந்திய அரசு அவர் நினைவாகத் தபால் தலை வெளியிட்டது.

வால்சந்த் தொடங்கிய கப்பல் தளம் அவருக்கு நிலைக்கவில்லை. விமானத் தொழிற்சாலையும் நிலைக்கவில்லை. நாட்டுக்கு நிலைத்தது.

அதற்குக் காரணம் கட்டடமோ இயந்திரமோ மட்டும் இல்லை. இயந்திரம் துருப்பிடிக்கும். கட்டடம் கை மாறும். அங்கே வேலை பழகியவர்கள் அடுத்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த வேலை தலைமுறை தலைமுறையாக நிற்கிறது. உங்கள் ஊரில் ஒரு தையல் இயந்திரம் வாங்கினாலும் சரி, பம்புசெட் வாங்கினாலும் சரி, அதைப் பழுது பார்க்க ஒருவராவது கற்றுக்கொள்ளுங்கள். கற்றதை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுங்கள்.

சொல்லும் பொருளும்

சமஸ்தானம் – மன்னர் ஆண்ட தனிப் பகுதி
திவான் – மன்னருக்கு அடுத்த பெரிய அமைச்சர்
குமாஸ்தா – அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர்
காண்டிராக்ட் – ஒப்பந்தம் பேசி வேலை செய்து கொடுப்பது
பங்கு – கம்பெனியில் ஒருவர் பணம் போட்ட பாகம்
ரிவிட் – தகடுகளை இணைக்கும் தலையுள்ள ஆணி
நொடித்துப் போதல் – நட்டப்பட்டு நின்று போதல்

விடை சொல்லுங்கள்

1. வால்சந்தும் பாட்டக்கும் ஏன் கூட்டுச் சேர்ந்தார்கள்?
2. வெள்ளைக்கார அரசு முதலில் ஏன் அனுமதி தரவில்லை? பிறகு ஏன் தந்தது?
3. பெங்களூரில் தொழிற்சாலை வைக்க என்ன வசதிகள் இருந்தன?
4. விமான வேலையில் ஏன் ஒவ்வொன்றையும் எழுதி வைக்கிறார்கள்?
5. கான்பூரில் கிடந்த விமானங்களை எப்படிச் சரிசெய்தார்கள்?

கணக்குப் போடுங்கள்

1. வால்சந்த் 1882-இல் பிறந்தார். 1919-இல் கப்பல் புறப்பட்டது. அந்த ஆண்டு ஏப்ரலில் அவருக்கு எத்தனை வயது நிறைந்திருந்தது? அவர் பிறந்தது நவம்பர் மாதம் என்பதை மறக்காதீர்கள்.
2. ஒரு கம்பெனியில் கட்டிய பணம் 75,000 ரூபாய். மூன்றில் ஒரு பங்கு ஒருவருடையது. அவர் போட்ட பணம் எவ்வளவு?

கலந்து பேசுங்கள்

1. தொழிற்சாலையை அரசு எடுத்துக்கொண்டது சரியா? இரண்டு பக்கமும் பேசுங்கள்.
2. உங்கள் ஊரில் வெளியிலிருந்து வாங்கும் பொருள்கள் எவை? அவற்றில் எதை நீங்களே செய்யலாம்? எதை நீங்களே பழுது பார்க்கலாம்? ஒரு தாளில் எழுதி மையத்தில் ஒட்டி வையுங்கள்.